வேலூர் சர்ச்சுகளைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது கட்டடத்தில் எதைச் சொல்வது?

காட்பாடி வாத்தியார்:
எல்லோருக்கும் வணக்கம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேலூரின் பழைய சர்ச்சுகளைக் காட்டலாம் என்று இருக்கிறோம். நான் சமூக அறிவியல் எடுப்பவன், வருடமும் பெயரும் சொல்லிவிடுவேன். கட்டடத்தைக் காட்டி என்ன சொல்வது என்பதுதான் தெரியவில்லை. "இது கோதிக் பாணி" என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் பையன்கள் போனை எடுத்துவிடுவார்கள். கோட்டை சர்ச், மாதா கோயில் இரண்டும் உறுதி. வேறு எங்கே போகலாம்? எந்த வரிசையில்?

கொசப்பேட்டை மேஸ்திரி:
வாத்தியாரே, பாணியை விடுங்கள். நான் பழைய கட்டடங்களில் சுண்ணாம்பு வேலை பார்ப்பவன். என்னைக் கேட்டால் ஒவ்வொரு சர்ச் வாசலிலும் ஒரே கேள்வியைத்தான் பிள்ளைகளிடம் கேட்பேன்: இது யார் காசு, உள்ளே யார் உட்கார்ந்தார்கள்? அதற்குப் பதில் கிடைத்தால் கூரை, சுவர், மேடை எல்லாம் தானாகப் புரியும்.

கோட்டையில் ஆரம்பியுங்கள். புனித யோவான் ஆலயம் 1846ல் மெட்ராஸ் அரசாங்கம் தன் படைக்காரர்களுக்காகக் கட்டியது. ஊர்ச் சபை ஒன்று சேர்ந்து காசு போட்டு எழுப்பியதல்ல. பாராக்ஸ், வெடிமருந்துக் கிடங்கு மாதிரி அதுவும் அன்றைக்கு ஒரு ராணுவக் கட்டடம். அது 1806 ஜூலை 10ஆம் தேதி சிப்பாய்கள் எழுந்த அதே கோட்டை. புதுத் தலைப்பாகை போடு, நெற்றியில் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். எங்களைக் கிறிஸ்தவர்களாக்கப் பார்க்கிறார்கள் என்ற சந்தேகம் பரவியது. அது நடந்து சரியாக 40 வருடம் கழித்து அங்கேயே சர்ச் எழும்புகிறது. பாடப் புத்தகத்தில் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சொல்வதில்லை, நீங்கள் சொல்லுங்கள். அன்றைக்கு இறந்த 69ஆம் ரெஜிமென்ட் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் கல்லறையும் கோட்டையை ஒட்டியே இருக்கிறது. அதையும் பார்த்துவிடலாம்.

அந்தக் காலத்துக் கட்டடம் எதற்குள் போனாலும் முதலில் மேலே அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். தேக்கு உத்தரமும் கட்டையும் வரிசையாகத் தெரிந்தால் அது மெட்ராஸ் டெரஸ். கட்டைகளின் மேல் அச்சுக்கல்லை, அதாவது மெல்லிய சின்னச் செங்கல்லை, குத்துவாக்கில், கோணலாக அடுக்குவார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கடைசியில் மேலே தட்டை ஓடு பதிப்பார்கள். கம்பி இல்லை, சிமெண்ட் இல்லை. கோபுரம் கட்டிய துரையின் பெயர் கல்லில் இருக்கும், தட்டிய பெண்கள் பெயர் எங்கேயும் இருக்காது.

சாய்ப்புக் கூரையில் மங்களூர் ஓடு தெரிந்தால் கணக்கு வேறு. மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865ல். ஆக அந்தக் கூரை அதற்குப் பிற்பட்டது. சில நேரம் ஓட்டின் அடியில் கம்பெனி முத்திரையே இருக்கும்.

வேலப்பாடி ரமேஷ்:
மேஸ்திரி சொன்னது சரிதான், ஆனால் கோட்டையைப் பற்றி இவ்வளவு கசப்பு வேண்டுமா? கோயில், மசூதி, சர்ச் மூன்றும் ஒரே மதிலுக்குள் இருப்பது நம் ஊருக்குப் பெருமை. பிள்ளைகளுக்கு அதைச் சொல்வோமே.

கொசப்பேட்டை மேஸ்திரி:
ரமேஷ் சார், பெருமைப்படுங்கள், நானும் படுகிறேன். ஆனால் சர்ச் கட்டிய 1846ல் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் மூலவர் இல்லை. லிங்கம் திரும்ப வந்தது 1981ல். அது வரைக்கும் கல்யாண மண்டபச் சிற்பத்தைப் பார்க்க வந்தவர்கள்தான் அதிகம், கும்பிட வந்தவர்கள் இல்லை. மூன்றும் அன்றே கைகோத்து நின்ற மாதிரி படம் காட்டினால் பிள்ளைகள் நம்பிவிடுவார்கள். மூன்றும் யார் கையில் எப்போது இருந்தன என்று சொன்னால்தான் பாடம்.

சேத்துப்பட்டு மருமகள்:
மாதா கோயில் பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன் அண்ணா. 17ஆம் நூற்றாண்டு தொடக்கத்தில் விஜயநகர அரசர் வேங்கடபதி ராயர் வேலூரில் இருந்தபோதே ஏசு சபைச் சாமியார்கள் இங்கே வந்துவிட்டார்கள். ராயருக்குப் படம் வரைந்து கொடுக்கவே ஓவியம் தெரிந்த ஒருவரும் இருந்தார். இன்னொருவர் அந்தோணியோ ரூபினோ. அவர் பிறகு ஜப்பான் போய் 1643ல் நாகசாகியில் கொல்லப்பட்டார். வேலூர் தனி மறைமாவட்டம் ஆனதோ 1952ல்தான், விண்ணேற்பு அன்னை கோயிலைப் பேராலயம் என்று சொல்வதும் அதற்குப் பிறகுதான். அந்தப் பெயரைப் பார்த்து ராயர் காலத்துக் கட்டடம் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. இன்னொரு நாள் பேருந்து கிடைத்தால் எங்கள் சேத்துப்பட்டு லூர்து மாதா கோயிலுக்கும் வாருங்கள் சார். தார்ராஸ் சாமியார் எழுப்பியது. இவ்வளவு சின்ன ஊரில் இவ்வளவு பெரிய கோயிலா என்று வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். 1876-78 பஞ்ச காலத்தோடு சேர்த்துச் சொன்னால்தான் அதற்குக் காரணம் விளங்கும்.

காட்பாடி வாத்தியார்:
ரொம்ப நன்றி அம்மா, மேஸ்திரி ஐயா. ஒரு சந்தேகம். ஆற்காடு மிஷன் ஆலயங்களும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), கோட்டை சர்ச்சும் சி.எஸ்.ஐ. உள்ளே வித்தியாசம் தெரியுமா?

கொசப்பேட்டை மேஸ்திரி:
தெரியும், ஆனால் தேட வேண்டும். ஆற்காடு மிஷன் 1853ல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கியது, பின்னால் அமெரிக்க சீர்திருத்த சபையோடு சேர்ந்தது. அவர்களுக்குப் பிரசங்கம்தான் பிரதானம், பிரசங்கப் பீடத்துக்குத்தான் முதல் மரியாதை. கோட்டை சர்ச்சோ ஆங்கிலிக்கன் வழி. அங்கே கண் நேராகப் பலிபீடத்துக்குப் போகும்படி அமைப்பார்கள். 1947 செப்டம்பர் 27ல் எல்லோரும் ஒரே திருச்சபை ஆனார்கள். அதன் பிறகு நாற்காலி, மேஜை, பீடம் எல்லாம் இடம் மாறியிருக்கும். சுவரும் ஜன்னலும் மாறாது, அதைப் பார்த்துக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பையன்கள் போனை எடுக்க மாட்டார்கள்.

கிராமத்து மிஷன் ஆலயம் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிறைய ஊரில் அதுவே வாரநாளில் பள்ளிக்கூடம். சுவர் ஓரத்தில் உப்புப் பூத்துக் காரை உதிர்ந்திருந்தால் நின்று காட்டுங்கள். சுண்ணாம்புச் சுவருக்கு மேல் யாரோ நல்ல எண்ணத்தில் சிமெண்ட் பூசியிருப்பார்கள், உள்ளே ஏறிய ஈரம் வெளியே போக வழி இல்லாமல் நிற்கும். இதைப் பார்த்தாலே எனக்குக் கை பரபரக்கும்.

ஞாயிறு வேண்டாம், ஆராதனை நேரத்தில் கூட்டமாக நுழைவது நன்றாக இராது. சனிக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்குள் கோட்டை, பிறகு மாதா கோயில். உள்ளே போக கோட்டை சர்ச் ஐயரிடமும் (போதகர்) மாதா கோயில் சாமியாரிடமும் முன்னாடியே பேசி வையுங்கள்.