சளி மாத்திரையும் கோப்பி ஓவும்: விழித்திருந்தும் மூளை மந்தமாவது ஏன்?

கேள்வி (பாயான் லெப்பாஸ், பினாங்கு):
தொழிற்சாலையில் இரவு 7 முதல் காலை 7 வரை வேலை. குளிரூட்டிய கூடத்துக்குள் நுழைந்தாலே மூக்கு ஒழுகுவதால் குளோர்பெனிரமின் மாத்திரை போட்டுக்கொண்டு, தூக்கம் வராதிருக்க விடியற்காலை 4 மணி வரை கோப்பி ஓ (பால் சேர்க்காத கறுப்புக் கோப்பி) குடிக்கிறேன். கண் சொக்குவதில்லை, ஆனால் சோதனை எண்களில் ஒரே வரியை இருமுறை படிக்கிறேன், வீடு திரும்பியதும் பிள்ளைகள்மீது எரிந்து விழுகிறேன். தூக்கம் தருவதும் தூக்கம் கலைப்பதும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடாதா?

பதில் 1 (மருந்தாளுநர், கோலாலம்பூர்):
சரிக்கட்டாது ஐயா, ஏனெனில் இரண்டும் மூளையில் வெவ்வேறு இடங்களில் வேலை செய்கின்றன. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் சேர்ந்துகொண்டே வரும் அடினோசின் என்ற பொருள், ஏற்பிகள் எனப்படும் இடங்களில் ஒட்டிக்கொண்டுதான் ‘களைத்துவிட்டாய்’ என்று உணர்த்துகிறது; அந்த இடங்களைக் காஃபின் அடைத்துக்கொள்கிறது. களைப்பு அப்படியே இருக்க, அது தெரியாமல் போகிறது. மாத்திரையோ மூளைக்குள்ளும் நுழைந்து, விழிப்பைத் தாங்கும் ஹிஸ்டமினைத் தடுப்பதோடு, கவனத்துக்கும் நினைவுக்கும் வேண்டிய அசிட்டைல்கோலினையும் ஓரளவு தடுக்கிறது. அதனால்தான் கண் திறந்திருக்க, வரி மட்டும் மனத்தில் பதிவதில்லை.

எரிச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் பகல் தூக்கம் குறைவதே. காஃபினில் பாதி நீங்கவே சுமார் 5 மணி நேரமாகும். படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் காஃபின் கொடுத்துப் பார்த்த 2013ஆம் ஆண்டு ஆய்வில், உறக்கம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் குறைந்தது. குளோர்பெனிரமின் அதைவிட நெடுநேரம் உடலில் தங்குவதால், நேற்றைய மாத்திரையின் மிச்சத்தோடுதான் இன்றைய வேலைக்குப் போகிறீர்கள்.

பதில் 2 (பட்டர்வொர்த்):
மதுவோடு ஊக்க பானம் கலந்து குடிப்பவர்களிடமும் இதே ஏமாற்றத்தைப் பார்க்கிறோம். இரத்தத்தில் மதுவின் அளவு இம்மியும் குறையாதிருக்க, ‘தெளிவாகத்தான் இருக்கிறேன்’ என்ற நினைப்பு மட்டும் வந்துவிடுவதால், சாவியை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார்கள். காஃபின் கலந்த மதுபானங்களைத் தயாரித்த நான்கு நிறுவனங்களை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2010 நவம்பரில் எச்சரித்தது இதற்காகத்தான்.

கேட்டவர்:
அப்படியானால் மாத்திரையை மாற்றுவதா, கோப்பியை விடுவதா?

பதில் 1:
முதலில் மாத்திரை. மூக்கொழுகலுக்கான லோராடடின் போன்ற மாத்திரைகள் மூளைக்குள் மிகக் குறைவாகவே புகுகின்றன. வேறு மருந்து ஏதும் உட்கொள்கிறீர்களா என்பதைச் சொல்லிவிட்டு மருந்தகத்தில் கேளுங்கள். அதே வகை மாத்திரையான செட்டிரிசின் சிலருக்குத் தூக்கம் தருவதால், விடுமுறை நாளில் ஒருமுறை போட்டுப் பார்க்காமல் அதை நம்பி மோட்டார் சைக்கிள் ஓட்ட வேண்டாம். கோப்பியை விட வேண்டியதில்லை. கடைசிக் கோப்பை நள்ளிரவோடு நிற்கட்டும்.