தொண்டர் எண்டால் சம்பளம் கேக்கக்கூடாதோ?

மாங்குளம் பிள்ளை:
இஞ்ச ஒரு தொண்டு நிறுவனத்தில ஒன்றரை வருசம் 'தொண்டர்' எண்டு நிண்டனான். 2025 மார்கழியோட விட்டிட்டன். காலமை 8.30க்கு வரவுப் புத்தகத்தில சிவப்புக் கோடு கீறுவினம். கோட்டுக்குக் கீழ கையெழுத்து விழுந்தால் அரைநாள் காசு வெட்டு. மாசம் 12,000 ரூபா, வவுச்சரில 'போக்குவரத்துச் செலவு' எண்டு இருக்கும். நான் நடந்து போறனான், பத்து நிமிசம். வேலை தாறவையும் சேர்த்துக் கட்டவேண்டிய சேமலாப நிதியைக் கேட்டதுக்கு, "நீங்கள் தொண்டர்தானே" எண்டிச்சினம்.

ஒட்டுசுட்டான் அண்ணை:
தங்கச்சி, உங்கட கவலை விளங்குது. ஆனா மீள்குடியேறின நேரம் இஞ்ச மரத்துக்குக் கீழ வகுப்பெடுத்த பெடியள் ஒரு சதமும் கேக்கேல்லை. எல்லாத்தையும் சட்டத்துக்குள்ள இழுத்தால் சின்னச் சங்கங்களைப் பூட்டவேண்டியதுதான். நன்கொடையில ஓடுற, 10 ஊழியருக்குக் குறைஞ்ச தொண்டு நிறுவனத்துக்குச் சேமலாப நிதியில விலக்கும் இருக்கு.

மாங்குளம் பிள்ளை:
அந்த வரவுப் புத்தகத்தில 23 பேர் அண்ணை.

கிளிநொச்சி வாசகன்:
அப்ப அந்த விலக்கு இவவுக்குப் பொருந்தாது. இலங்கையில 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆகக்குறைஞ்ச மாதச் சம்பளம் முதல்ல 10,000 ஆ இருந்தது. பிறகு கூட்டிக் கூட்டி 2025 ஏப்ரலில இருந்து 27,000, 2026 தையில இருந்து 30,000. வவுச்சரில என்ன பேர் எழுதினாலும், நேரம் குறிச்சு, பிந்தினால் காசு வெட்டினால் அது வேலைதான்.

அமெரிக்காவில அலாமோ எண்ட மத நிறுவனம் கடையள், பெற்றோல் நிலையங்கள் நடத்தினது. நிண்டவைக்குச் சாப்பாடும் உடுப்பும் தங்குமிடமும் மட்டும். தாங்கள் தொண்டர், சம்பளம் வேண்டாம் எண்டு அவையே சாட்சி சொன்னவை. 1985இல உச்ச நீதிமன்றம் ஏற்கேல்லை. சாப்பாடும் தங்குமிடமும் வேற உருவத்தில வந்த சம்பளம் எண்டு தீர்ப்பு.

ஒட்டுசுட்டான் அண்ணை:
அமெரிக்கத் தீர்ப்பு எங்களைக் கட்டாது தம்பி. நானும் மாலை வகுப்பெடுக்கிற பிள்ளையளுக்கு பஸ் காசு குடுக்கிறன். நாளைக்கு அதையும் சம்பளம் எண்டுவியளோ?

கிளிநொச்சி வாசகன்:
கட்டாது, ஆனா குடுக்கிறது செலவோ சம்பளமோ எண்ட கேள்வி எங்களுக்கும் உரியது. பஸ்ஸில வந்தவைக்கு அந்த ரிக்கெற் காசைக் குடுத்தால் அது செலவு. உங்கட பிள்ளையளில ஒருத்தர் வராட்டில் காசு வெட்டுவியளோ?

ஒட்டுசுட்டான் அண்ணை:
இல்லை. பரீட்சை எண்டால் அவையே சொல்லிப்போட்டு வராமல் நிப்பினம். எண்டாலும் வழக்கு எண்டு போனால் காசு தாறவை கையை எடுத்திடுவினம். அந்தக் கிராமத்துச் சனம்தான் தவிக்கும். முதல்ல ஒருக்கா அவையோட இருந்து கதையுங்கோ தங்கச்சி.

மாங்குளம் பிள்ளை:
மூண்டு தரம் கதைச்சிட்டன் அண்ணை. வவுச்சர் எல்லாம் போனில படமெடுத்து வைச்சிருக்கிறன். திங்கள் தொழில் திணைக்களத்துக்குப் போறன்.