பிள்ளைகளுக்குக் கையால் செய்யும் கிறிஸ்துமஸ் பரிசு, யோசனை வேண்டும்

உட்லண்ட்ஸ் அம்மா:
சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் நாலு வயதிலிருந்து பத்து வயது வரை நிறையப் பிள்ளைகள். கிறிஸ்துமஸுக்கு எல்லாருக்கும் கையாலேயே ஏதாவது செய்து கொடுக்க ஆசை, ஆனால் ஆளுக்கு இரண்டு வெள்ளிக்கு (டாலருக்கு) மேல் போகக் கூடாது. என்ன செய்யலாம்?

தையல் பிரியை:
பெரிய பிள்ளைகளுக்கு அஞ்சாங்கல் விளையாட, கல்லுக்குப் பதிலாக ஐந்து குட்டித் துணி மூட்டைகள் தைத்துக் கொடுங்கள். லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா சென்டர் மாடித் தையல் கடைகளில் துண்டுத் துணி கேட்டுப் பாருங்கள். சின்னத் துண்டை மடித்து இரண்டு ஓரம் தைத்து, பச்சைப்பயறு போட்டு, திறந்த வாயைக் குறுக்காகப் பிடித்து மூடித் தைத்தால் முக்கோண மூட்டை தயார். இறுக்கமாக நிரப்ப வேண்டாம், நிரப்பினால் புறங்கையில் நிற்காமல் உருண்டுவிடும்.

ஈசூன் அப்பா:
சின்னதுகளுக்கு விளையாட்டு மாவு. இரண்டு கப் மைதா, ஒரு கப் தூள் உப்பு, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், வெந்நீர் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுச் சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்து, நிறம் சேர்த்து மூடி போட்ட டப்பாவில் கொடுங்கள். உப்பு அதிகம், வாயில் வைக்காமல் பெரியவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உட்லண்ட்ஸ் அம்மா:
இரண்டுமே செய்கிறேன், ரொம்ப நன்றி! பயற்றில் வண்டு வராதா?

தையல் பிரியை:
வெறும் சட்டியில் லேசாக வறுத்து, நன்றாக ஆறவிட்டுப் போடுங்கள்.