பர்னாந்து என்ற குடும்பப் பெயர் இருந்தால் முன்னோர் போர்த்துக்கீசியரா?

கேள்வி – மணப்பாட்டுப் பேரன்:

வணக்கம். என் தாய்வழிப் பாட்டனார் திருச்செந்தூருக்குத் தெற்கே கடற்கரை ஊரான மணப்பாட்டில் பிறந்தவர். அவருடைய பெயருக்குப் பின்னால் ‘பர்னாந்து’ என்று இருந்தது. எங்கள் முன்னோர் ஒருவர் கப்பலில் வந்த போர்த்துக்கீசியர் என்று வீட்டுப் பெரியவர்கள் சிலர் உறுதியாகச் சொல்கிறார்கள். வேறு சிலர் அதை மறுக்கிறார்கள். மும்பையில் குடியேறிய உறவினர்களோ தங்கள் பெயரைப் ‘பெர்னாண்டஸ்’ என்று எழுதுகிறார்கள். இவை இரண்டும் ஒரே பெயர்தானா, இப்பெயருக்கு என்ன பொருள் என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1 – முத்துக்குளித்துறை:

ஐயா, பெயரை மட்டும் வைத்து இரத்த உறவை முடிவு செய்ய இயலாது. 1530களின் நடுப்பகுதியில் முத்துக்குளித்துறை எனப்படும் தூத்துக்குடிக் கடற்கரைப் பகுதியில் வாழ்ந்த கடலோடிகளான பரதவர்கள் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடிக் கூட்டம் கூட்டமாகத் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்றார்கள். புனித சவேரியார் இக்கரைக்கு வந்து சேர்ந்த 1542ஆம் ஆண்டுக்கு முன்பே அது நடந்துவிட்டது. திருமுழுக்கோடு போர்த்துக்கீசியப் பெயர்களும் வந்தன. பரதவர்களுக்கு அவ்வழியைக் காட்டிய ஜான் த குரூஸ் என்பவரே கோழிக்கோட்டைச் சேர்ந்தவர். போர்ச்சுக்கல் சென்று அங்கே கிறிஸ்தவரானவர். ‘சிலுவை’ என்று பொருள்படும் குரூஸ் என்ற பெயர் அவருக்குத் தந்தை வழியில் வந்ததன்று.

டச்சுக்காரர்கள் 1658இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய பின்னரும் மக்கள் இந்தப் பெயர்களைக் கைவிடவில்லை. தூத்துக்குடிக்குக் குடிநீர் கொண்டுவந்த நகராட்சித் தலைவர் குரூஸ் பர்னாந்தையும், 1923இல் தூத்துக்குடி மறைமாவட்டத்தின் ஆயரான திபூர்சியுஸ் ரோச் ஆண்டகையையும் அந்நியர் என்று நம்மில் எவரும் எண்ணியதில்லை. கலப்புத் திருமணங்கள் நடக்கவே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்கள் குடும்பத்தில் நடந்ததா என்பதற்குப் பெயர் சான்றாகாது.

மறுமொழி 2 – சொல்லாய்வு:

பொருளைப் பற்றி நான் சொல்கிறேன். பெர்னாண்டோ என்பது போர்ச்சுக்கலில் ஒருவருக்கு இடும் பெயர். செருமானிய மூலமுடைய அப்பெயரின் பின்பகுதியில் ‘துணிவு’ என்னும் பொருள் அடங்கியிருக்கிறது. ‘எஸ்’ என்ற விகுதியைச் சேர்த்தால் ‘பெர்னாண்டோவின் மகன்’ என்றாகும். ரொட்ரிகோவின் மகன் ரொட்ரிகஸ். 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ நூலை அச்சிட்ட போர்த்துக்கீசியத் துறவி அண்ட்ரிக் அடிகளாரின் என்றிக்கஸ் என்ற குடும்பப் பெயரும் அவ்வாறு அமைந்ததே. கோவாவிலும் மங்களூரிலும் விகுதியோடு கூடிய வடிவம் பெரிதும் வழங்க, நம் கரையிலும் இலங்கையிலும் மகனுக்குரிய விகுதி இல்லாமல் இடுபெயரே குடும்பப் பெயராகிவிட்டது. ஆகவே இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை. மும்பை உறவினர்கள் அங்கே பரவலாக வழங்கும் வடிவத்தை ஏற்றுக்கொண்டிருக்கக்கூடும்.

மற்றப் பெயர்களில் மச்சாது என்பது கோடரி, லோபோ என்பது ஓநாய், சில்வா என்பது காடு, கொரைரா என்பது தோல்வார், இலங்கையில் பெரேராவாகத் திரிந்த பெரெய்ரா என்பது பேரிக்காய் மரம். தல்மேதா மட்டும் ஊர்ப்பெயர்: ‘அல்மெய்தாவைச் சேர்ந்தவர்’ என்பதன் சுருக்கம் அது. அல்மெய்தா என்பதோ அரபு மொழியிலிருந்து வந்த சொல். பேரி மரத்தைக் கண்ணால் கண்டிராத கரையில் அதன் பெயரால் குடும்பங்கள் அழைக்கப்படுவது எனக்கு என்றுமே வியப்பளிப்பது.

மறுமொழி 3 – நீர்கொழும்பு:

இலங்கையில் பெரேரா, சில்வா, பெர்னாண்டோ ஆகிய பெயர்களைப் பௌத்தர்களான சிங்களவர்களும் ஏராளமாகத் தாங்கியிருக்கிறார்கள். பெயர் மதத்தைக்கூடச் சுட்டாதபோது வமிசத்தை எப்படிச் சுட்டும்? நீங்கள் பாட்டனாரின் பங்குக் கோயிலில் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்க்க அனுமதி கேளுங்கள். பெற்றோர் பெயரோடு ஞானத்தகப்பன், ஞானத்தாய் பெயர்களும் அதில் எழுதப்பட்டிருக்கும். அங்கிருந்து ஒரு தலைமுறை முன்னே செல்லலாம்.

மணப்பாட்டுப் பேரன்:

மூவருக்கும் மிக்க நன்றி. அடுத்த மாதம் மணப்பாடு செல்கிறேன். பதிவேட்டில் கிடைப்பதை இங்கேயே எழுதுகிறேன்.