டி.சி.யிலேயே இருப்பதா, டி.சி.சி.க்கு மாறுவதா?

மலைரயில்
வீட்டில் மாதிரி ரயில் ஓட்டுகிறேன். 8×4 அடி பலகை, ஹெச்.ஓ. அளவு (நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு). ரெண்டு வட்டப் பாதை, நடுவில் ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறும் கிராஸ்ஓவர், உள்வட்டத்தை ஒட்டி வண்டிகளை நிறுத்தி மாற்றச் சின்ன யார்டு. இப்போது இருப்பது டி.சி. (நேர்மின்சாரம்): பழைய ரியோஸ்டாட் கன்ட்ரோலர் ரெண்டு, தண்டவாளத்தை பிளாக் பிளாக்காகப் பிரித்து டாகிள் சுவிட்ச். என்ஜின் ஒன்பது, மூன்றில்தான் டீகோடர் (கட்டளையைப் படித்து மோட்டாரை ஓட்டும் சின்ன மின்னணுப் பலகை) சொருகும் 8 பின் சாக்கெட் உண்டு, இரண்டு ரொம்பப் பழசு. யார்டில் மெதுவாக நகர்த்தவே முடியவில்லை. குமிழைத் திருப்பத் திருப்பச் சும்மா நிற்கிறது, திடீரென்று பாய்கிறது. ஒரே வட்டத்தில் இரண்டு வண்டியைத் தனித்தனியாக ஓட்டவும் ஆசை. டி.சி.சி. என்ற டிஜிட்டல் கட்டளை முறைக்கு மாறிவிடலாமா?

இருப்புப்பாதை
மாறிவிடுங்கள், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இப்போது தண்டவாளத்துக்குப் போகும் வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கிறீர்கள். அந்த பிளாக்கில் நிற்கிற எல்லா என்ஜினும் சேர்ந்துதான் நகரும். டி.சி.சி.யில் தண்டவாளத்தில் எப்போதும் முழு வோல்ட், ஹெச்.ஓ.வுக்கு 14, 15 மாதிரி. துருவம் மாறி மாறி வரும் சதுர அலை அது. பாதி அலை 58 மைக்ரோசெகண்ட் நீண்டால் 1, 100 நீண்டால் 0. அதைப் படித்துத் தனக்கு வந்த கட்டளைக்கு மட்டும் டீகோடர் மோட்டாரை ஓட்டும். நிற்கிற வண்டியிலும் விளக்கு எரியும். டீகோடரின் அமைப்பு எண்களில் (சி.வி.) 2-ல் தொடக்க வோல்ட், 3-ல் வேகம் பிடிக்கும் நேரம், 5-ல் உச்ச வேகம் என்று ஒவ்வொரு என்ஜினுக்கும் தனித்தனியே வைத்துக்கொள்ளலாம். உங்கள் பாய்ச்சல் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும்.

பழையகைப்பிடி
பாய்ச்சலுக்கு டி.சி. மேல் பழி போடாதீர்கள். ரியோஸ்டாட் என்பது மோட்டாரோடு தொடராக நிற்கும் மின்தடை. நிற்கிற மோட்டார் அதிகக் கரன்ட் இழுக்கும். வோல்ட்டில் பெரும்பகுதி மின்தடையிலேயே விழுந்துவிடும். மோட்டார் அசைந்ததும் கரன்ட் குறைகிறது, தண்டவாளத்தில் வோல்ட் ஏறுகிறது, வண்டி பாய்கிறது. மின்சாரத்தைப் பல்ஸ் பல்ஸாகக் கொடுத்து, மோட்டாரின் வேகத்தைக் கவனித்துச் சரிசெய்யும் ஃபீட்பேக் உள்ள பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் ஒன்று வாங்கி வையுங்கள், யார்டில் ஊர்ந்து போகும். கோர்லெஸ் (சுருளில் இரும்பு இல்லாத) மோட்டார் உள்ள என்ஜினுக்கு மட்டும் அது வேண்டாம், சூடாகும். ஒன்பது டீகோடர் வாங்கும் காசோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

அப்புறம், ஹார்ன்பி கம்பெனியின் ஜீரோ 1 என்ற டிஜிட்டல் முறை வந்தபோதும் இதே உற்சாகம்தான். 16 என்ஜின் ஓட்டலாம் என்றார்கள். இன்று அதன் மாட்யூலைத் தேடிப் பாருங்கள்.

இருப்புப்பாதை
ஐயா, ஜீரோ 1 ஒரு கம்பெனியின் சொந்தச் சரக்கு. அது போனதும் வாங்கியவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள், சரி. டி.சி.சி. அப்படி இல்லை. ஜெர்மனியில் லென்ஸ் கம்பெனி உருவாக்கியதை அடிப்படையாக வைத்து அமெரிக்காவின் மாதிரி ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ. 1990-களில் பொதுத் தரமாக ஆக்கியது. ஒரு கம்பெனி டீகோடர் இன்னொரு கம்பெனி கமாண்ட் ஸ்டேஷனில் (கட்டளை அனுப்பும் பெட்டி) ஓடும். அதுவும் ரெண்டே வயரில்!

பழையகைப்பிடி
இந்த "ரெண்டே வயர்" விளம்பரத்தை நம்பி எத்தனை பேர் தலையில் கை வைத்தார்கள் தெரியுமா? பலகைக்கு அடியில் ரெண்டரை ஸ்கொயர் எம்.எம். வயரில் பஸ் எனும் முதன்மை இணைப்பை இழுக்க வேண்டும். மூன்று நான்கு அடிக்கு ஒரு ஃபீடரை (கிளை வயரை) அதிலிருந்து தண்டவாளத்துக்கு சாலிடர் வைக்க வேண்டும். ஏன் என்றால் தண்டவாளத்துக்குச் சக்தி தரும் 5 ஆம்பியர் பூஸ்டரில் 15 வோல்ட் என்றால் 75 வாட். வண்டி தடம் புரண்டு ஷார்ட் ஆகும்போது, நடுவில் மெல்லிய வயர் இருந்தால் கரன்ட் மட்டுப்பட்டு பிரேக்கர் விழாது. அத்தனை வாட்டும் ஒரு சக்கரத்தில் இறங்கிப் பிளாஸ்டிக்கை உருக்கும். வேலை முடிந்ததும் ஐந்து ரூபாய் நாணயத்தை ஒவ்வொரு இடமாகத் தண்டவாளத்தின் குறுக்கே வைத்துப் பாருங்கள். எங்கே வைத்தாலும் உடனே டிரிப் ஆக வேண்டும்.

தண்டவாளம் பிரியும் பாயின்ட்டும் படுத்தும். இன்சுலேட்டட் ஃபிராக் (அதில் தண்டவாளங்கள் குறுக்கிடும் மின்சாரம் பாயாத துண்டு) முனையில் இரண்டு தண்டவாளமும் நெருங்கும் இடத்தில் அகலமான சக்கரம் இரண்டையும் தொட்டுவிட்டுப் போகும். டி.சி.யில் அது கண்ணுக்கே தெரியாது. டி.சி.சி.யில் மொத்த லேஅவுட்டும் நிற்கும்.

இருப்புப்பாதை
அந்த முனையில் ஒரு சென்டிமீட்டருக்கு நெயில் பாலிஷ் தடவினால் போதும். இதற்கெல்லாம் பயந்தால் எப்படி?

சாலிடர்மணம்
சண்டைக்கு நடுவே நுழைகிறேன். கமாண்ட் ஸ்டேஷனுக்குப் பெரிய காசு வேண்டாம். அர்டுயினோ மெகா என்ற சின்னக் கணினிப் பலகை, மேலே தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் மோட்டார் ஷீல்டு என்ற துணைப் பலகை, டி.சி.சி.-இ.எக்ஸ். என்ற இலவச மென்பொருள். வைஃபை சேர்த்தால் போனிலேயே ஓட்டலாம். சாதாரண ஷீல்டு ஒரு சேனலுக்கு 2 ஆம்பியர். 8×4 பலகைக்கு அது தாராளம். ஷீல்டின் அடியில் வி.இன். கனெக்ட் என்று ஒரு செப்புக் கோடு இருக்கும், அதை மறக்காமல் வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் தண்டவாள சப்ளை மெகாவுக்குள் ஏறும். இதில் ஒரு சேனலை டி.சி.சி.யாகவும் மற்றதை டி.சி.யாகவும் வைக்கலாம். வெளிவட்டம் புதுசு, உள்வட்டம் பழசு. இருவருக்கும் சமாதானம்.

பழையகைப்பிடி
சமாதானமா! கிராஸ்ஓவர் இருக்கிறதே தம்பி. தண்டவாளத்தில் எவ்வளவு இடைவெளி வெட்டினாலும் என்ஜின் அதைத் தாண்டும்போது முன் சக்கரம் ஒரு பக்கம், பின் சக்கரம் மறுபக்கம். டி.சி.யும் டி.சி.சி.யும் என்ஜின் வழியாகவே கைகோத்துக்கொள்ளும். கண்டிப்பாகச் செய்யாதீர்கள்.

இருப்புப்பாதை
இதில் மட்டும் ஐயா சொல்வது நூற்றுக்கு நூறு சரி.

மலைரயில்
பழைய இரண்டு என்ஜின்? மோட்டாரின் ஒரு பிரஷ் நேராகச் சேசிஸையே தொடுகிறது.

இருப்புப்பாதை
அப்படியே டீகோடர் போட்டால் முதல் நொடியிலேயே புகைந்துவிடும். பிரஷ் ஸ்பிரிங்கின் அந்தக் கைக்கு ஸ்லீவ் போட்டுச் சேசிஸிலிருந்து பிரியுங்கள். மோட்டார் முனைக்கும் சக்கரத்துக்கும் நடுவே மீட்டர் வைத்தால் ஒலிக்கவே கூடாது. பிறகு 12 வோல்ட் கொடுத்துச் சக்கரத்தை ஒரு கணம் பிடித்து நிறுத்தி எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். சாதாரண ஹெச்.ஓ. டீகோடர் தொடர்ந்து தாங்குவது 1 ஆம்பியர் மாதிரி. மீறினால் காந்தத்தை மட்டும் நியோடிமியமாக மாற்றினால் கரன்ட் நன்றாக இறங்கும்.

பழையகைப்பிடி
அல்லது அவற்றைத் தொடாமல் அப்படியே டி.சி.யில் ஓட்டலாம். கழுதைக்கு எதற்குச் சேணம்?

மலைரயில்
அப்படியானால் இப்படிச் செய்கிறேன். பஸ்ஸின் தலையில் இரண்டு வயரையும் ஒருசேர மாற்றும், நடுவில் ஆஃப் உள்ள டி.பி.டி.டி. சுவிட்ச் ஒன்று. ஒரு பக்கம் போட்டால் மொத்த பலகையும் அர்டுயினோவில், மறுபக்கம் போட்டால் மொத்தமும் புது பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலரில். பிளாக் டாகிள்களைக் கழற்றவில்லை, ஷார்ட் எங்கே என்று தேட உதவும். சாக்கெட் உள்ள மூன்றுக்கு மட்டும் இப்போது டீகோடர்.

பழையகைப்பிடி
டி.சி. பக்கம் திருப்புமுன் அந்த மூன்றையும் பலகையிலிருந்து எடுத்துவிடு. பி.டபிள்யூ.எம். பல்ஸ் டீகோடருக்கு ஆகாது.

இருப்புப்பாதை
டீகோடர் இல்லாத என்ஜின் டி.சி.சி. பக்கம் நின்றாலும் மோட்டார் கிர்ரென்று கத்திச் சூடாகும், அதையும் எடுத்துவிடுங்கள். மூன்றை ஓட்டிப் பார்த்த பிறகு மற்ற ஆறுக்கும் நீங்களே டீகோடர் தேடுவீர்கள்.

பழையகைப்பிடி
பார்க்கத்தானே போகிறோம். அந்த பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலரை முதலில் வாங்கு.