ஜெர்மனில இந்தியன் லைசென்ஸ் மாத்தணும், இனிஷியல்ல மாட்டிக்கிட்டேன், ஆறு மாசம் முடியப்போகுது

மதுரை_ஸ்டுட்கார்ட்:
எல்லாருக்கும் வணக்கம். நான் ஸ்டுட்கார்ட் பக்கத்துல ஒரு சின்ன ஊர்ல இருக்கேன், வேலைக்கு வந்து ஆன்மெல்டுங் (குடியிருப்புப் பதிவு) பண்ணி அஞ்சு மாசம் ஆகப்போகுது. ஷிஃப்ட் வேலை, காலை அஞ்சரைக்கு கேட்ல இருக்கணும், அந்த நேரத்துக்கு எங்க ஊர்ல பஸ்ஸே கிடையாது, அதனால ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கி நம்ம ஊர் லைசென்ஸ் வச்சுதான் ஓட்டிட்டு இருக்கேன்.

உம்ஷ்ரைபுங்குக்கு, அதாவது நம்ம லைசென்ஸை ஜெர்மன் லைசென்ஸா மாத்தறதுக்கு, அப்ளிகேஷன் குடுத்தேன், கவுண்டர்லயே திருப்பிக் குடுத்துட்டாங்க. லைசென்ஸ்ல என் பேரு செந்தில்குமார் எம், பாஸ்போர்ட்ல பேரு செந்தில்குமார், சர்நேம் முருகேசன்னு அப்பா பேரு. ரெண்டும் ஒரே ஆள்தான்னு எப்படித் தெரியும், எம்-னா என்னன்னு கேக்கறாங்க. இனிஷியல்னு ஒண்ணு எங்க ஊர்ல இருக்கு, அது அப்பா பேரோட முதல் எழுத்துன்னு எனக்குத் தெரிஞ்ச ஜெர்மன்ல சொல்லிப் பாத்தேன், அந்தம்மா தலையை ஆட்டிட்டு அடுத்த நம்பரைக் கூப்பிட்டுட்டாங்க.

இப்ப என்ன பண்றது? ஊர்ல ஆர்டிஓல பேரை மாத்தி புது கார்டு வாங்கணுமா? ஆறு மாசம் தாண்டிட்டா லைசென்ஸ் மாத்தவே முடியாதுன்னு கூட வேலை பாக்கற ஒருத்தர் சொல்றாரு, அது நிஜமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க, ரொம்ப டென்ஷனா இருக்கு.

கோவை_பொண்ணு:
ரெண்டு விஷயம் சொல்லுங்க. கார்டு ஒரிஜினல் கையில இருக்கா இல்ல டிஜிலாக்கர் மட்டுமா? கார்டுல டேட் ஆஃப் ஃபர்ஸ்ட் இஷ்யூ என்ன போட்டிருக்கு, நீங்க ஜெர்மனி வர்றதுக்கு முன்னாடியா?

மதுரை_ஸ்டுட்கார்ட்:
ஒரிஜினல் ஸ்மார்ட் கார்டு இருக்கு. எல்எம்வி எடுத்தது 2014-ல, மதுரைல. இன்னும் வேலிடிட்டி இருக்கு.

ஹைல்பிரான்_சரவணன்:
அப்ப பயப்படாதீங்க ப்ரோ, உங்க கேஸ் ஈஸிதான்.

முதல்ல அந்த ஆறு மாச விஷயம், ஏன்னா இதுலதான் நம்மாளுங்க நிறைய பேரு குழம்பிக்கறாங்க. அவங்க ஃபாரர்லாவ்ப்னிஸ் ஃபெரோர்ட்னுங்ல, அதாவது லைசென்ஸ் விதிகள்ல, 29-வது பாராகிராஃப் சொல்றது என்னன்னா, நீங்க இங்க குடியிருக்க ஆரம்பிச்ச நாள்ல இருந்து ஆறு மாசம் வரைக்கும்தான் வெளிநாட்டு லைசென்ஸ்ல ஓட்டலாம். மாத்தறதுக்கு இந்தக் கெடு கிடையாது, முன்னாடி மூணு வருஷம்னு ஒரு கெடு இருந்துச்சு, அதையும் எடுத்துட்டாங்க. ஏழாவது மாசமும் அப்ளை பண்ணலாம், மூணாவது வருஷமும் பண்ணலாம். ஆனா ஏழாவது மாசம் ஓட்டக்கூடாது. எக்ஸ்டென்ஷன் கேக்கலாம்னு சொல்வாங்க, அது மொத்தமே ஒரு வருஷத்துக்குள்ள திரும்பிப் போறவங்களுக்குத்தான், நீங்க வேலைக்கு செட்டில் ஆக வந்தவரு, உங்களுக்குக் கிடைக்காது.

இப்ப இனிஷியல். புது கார்டு எல்லாம் வேண்டாம். லைசென்ஸை எடுத்துப் பாருங்க, சன் ஆர் டாட்டர் ஆர் வைஃப் ஆஃப்னு ஒரு லைன் இருக்கும், அதுல அப்பா பேரு முழுசா இருக்கும். அடுத்து பாஸ்போர்ட் கடைசிப் பக்கம் பாருங்க, அங்கயும் அப்பா பேரு அச்சாகி இருக்கும். எம்-னா முருகேசன்னு உங்க கையில இருக்கற ரெண்டு டாக்குமெண்டே சொல்லுது. பிரச்சினை என்னன்னா கவுண்டர்ல இருக்கறவங்க பாஸ்போர்ட்ல ஃபோட்டோ பக்கத்தை மட்டும்தான் பாப்பாங்க, கடைசிப் பக்கத்துல இப்படி ஒரு விஷயம் இருக்குன்னே அவங்களுக்குத் தெரியாது. நாமதான் விரல் வச்சுக் காட்டணும்.

ட்ரான்ஸ்லேஷன் யாருகிட்ட பண்ணீங்க?

மதுரை_ஸ்டுட்கார்ட்:
அண்ணா, இப்பதான் எடுத்துப் பாத்தேன், ரெண்டுலயும் இருக்கு!! ட்ரான்ஸ்லேஷன் இன்னும் பண்ணல. கார்டு இங்கிலீஷ்லதானே இருக்கு, தேவையில்லன்னு நெனச்சேன்.

ஹைல்பிரான்_சரவணன்:
இங்கிலீஷ்ல இருந்தாலும் பெரும்பாலான ஆஃபீஸ்ல கேப்பாங்க. ஆடிஏசின்னு இங்க இருக்கற கார் கிளப் பண்ணித் தருவாங்க, இல்லன்னா கோர்ட்ல பதிவு பண்ணின ட்ரான்ஸ்லேட்டர். உங்களுக்கு நான் சொல்றது ரெண்டாவது ஆளுதான், ஏன்னா அவங்ககிட்ட பாஸ்போர்ட் கடைசிப் பக்கத்தையும் சேர்த்துக் குடுத்து, எம்ங்கிறது அப்பா பேரோட முதல் எழுத்து, தமிழ்நாட்டுல இப்படித்தான் பேரு எழுதுவாங்கன்னு கீழ ஒரு குறிப்பு போடச் சொல்லுங்க. சீல் வச்ச பேப்பர்ல ஜெர்மன்ல இருந்தா கவுண்டர்ல பேச்சே வேற. என் மனைவி லைசென்ஸுக்கு இப்படித்தான் முடிஞ்சது.

கோவை_பொண்ணு:
இதுல ஒண்ணு சேர்த்துக்கறேன். அப்பா பேரு ஸ்பெல்லிங் ரெண்டுலயும் ஒண்ணா இருந்தாத்தான் இந்த வழி சரியா வரும். சில பேருக்கு லைசென்ஸ்ல ஒரு ‘ஹெச்’ கூட இருக்கும், பாஸ்போர்ட்ல இருக்காது. அப்படின்னா இந்தியன் கான்சுலேட்ல ரெண்டு ஸ்பெல்லிங்கும் ஒரே ஆளோடதுன்னு சர்டிஃபிகேட் கேட்டுப் பாக்கணும். பாடன் வூர்ட்டம்பர்க் மியூனிக் கான்சுலேட்டுக்குக் கீழ வரும், ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு அனுப்பிட்டு உக்காந்திருக்காதீங்க.

தஞ்சாவூர்_மியூனிக்:
நான் இதுக்கு உடன்பட மாட்டேன். ஊருக்குப் போறப்ப பேரை சரி பண்ணி புது கார்டு வாங்கிடறதுதான் நிரந்தரமான வழி. இன்னைக்கு லைசென்ஸ்ல கேட்டாங்க, நாளைக்கு வேற எதுலயாவது கேப்பாங்க. பரிவாஹன் சைட்லயே அப்ளை பண்ணலாமே.

ஹைல்பிரான்_சரவணன்:
வேற நேரமா இருந்தா நீங்க சொல்றது சரி. ஆனா இவரு இப்ப இங்க குடியிருக்காரு. இப்ப புது கார்டு வாங்கினா அதுல இஷ்யூ டேட் இந்த வருஷம் விழும், ஆஃபீஸ்ல இது ஜெர்மனில குடியிருக்கும்போது எடுத்த லைசென்ஸா, செல்லாதேன்னு புதுசா ஒரு கேள்வி கிளம்பும், அப்புறம் 2014-ல எடுத்ததுன்னு நிரூபிக்க அலையணும். பழைய தேதி தெளிவா இருக்கற கார்டை நான் தொடவே மாட்டேன். இன்னொண்ணு, ஜெர்மன் லைசென்ஸ் குடுக்கும்போது இந்தக் கார்டை எப்படியும் வாங்கி வச்சுக்குவாங்க. ரெண்டையும் கையில வச்சுக்க முடியாது.

யாழ்_டோர்ட்முண்ட்:
தம்பி, நான் யாழ்ப்பாணம், இப்ப கனகாலமா டோர்ட்முண்டில இருக்கிறன். இலங்கை லைசென்சும் உங்கட மாதிரித்தான், அந்த விதிகளில சலுகை குடுக்கிற நாடுகளின்ர லிஸ்ட் இருக்கு, அன்லாகே 11 எண்டு, அதில இந்தியாவும் இல்லை இலங்கையும் இல்லை. ஜப்பான், தென்கொரியா ஆக்களுக்கு சோதினை இல்லாமலே மாத்திக் குடுப்பினம், எங்களுக்கு எழுத்துச் சோதினையும் ஓட்டச் சோதினையும் ரெண்டும் இருக்கு. ஆனா புதுசாப் பழகிற ஆக்கள் மாதிரிக் கட்டாய வகுப்பும் இத்தனை மணித்தியாலம் ஓடவேணும் எண்டதும் எங்களுக்கு இல்லை. சில ஃபார்ஷூலே (டிரைவிங் ஸ்கூல்) இதைச் சொல்லாமல் முழுப் பேக்கேஜையும் தலையில கட்டப் பாப்பினம், கவனமா இருங்கோ. அதுக்காக ஒண்டும் பழகாமல் போகாதேங்கோ, சோதினைக்கு எப்படியும் அவையின்ர கார்தான் வேணும்.

எழுத்துச் சோதினை இங்கிலீஷில எழுதலாம், தமிழ் இல்லை. 30 கேள்வி, 10 பிழைப் புள்ளி வரைக்கும் விடுவினம், ஆனா அஞ்சு புள்ளிக் கேள்வி ரெண்டு பிழைச்சால் அதோட சரி, ஃபெயில்தான்.

ஓட்டச் சோதினையிலதான் எங்கட ஆக்கள் விழுறது. இடப்பக்கம் ஓடிப் பழகின எங்களுக்கு வலப்பக்கம் ஓடுறது ரெண்டு கிழமையில பழகிடும், பழகாதது 30 ஸோன் ரோட்டு, மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல ஓடக்கூடாத தெருக்கள். அங்க போர்டு ஒண்டும் இல்லாட்டி வலப்பக்கத்தால வாற ஆளுக்குத்தான் முதல் வழி. அது ஒரு சின்ன ஒழுங்கையா இருக்கும், நீங்கள் அகலமான ரோட்டில வருவியள், எண்டாலும் அவருக்குத்தான் விடவேணும். ஒவ்வொரு சந்திக்கும் முன்னால காலை ஆக்சிலேட்டரில இருந்து எடுத்து, தலையை வலப்பக்கம் திருப்பிப் பாக்கவேணும், பின்னுக்கு இருக்கிற சோதினைக்காரர் நீங்கள் தலை திருப்பிறதைக் காணவேணும். கண்ணை மட்டும் அசைச்சால் அவருக்குத் தெரியாது. வலது பக்கம் திரும்பேக்க தோளுக்கு மேலால ஒருக்கா பாருங்கோ, சைக்கிள் வரும். ஷுல்டர்ப்ளிக் எண்டு சொல்லுவினம், அது இல்லாமல் ஒருத்தரும் பாஸ் பண்ணேலாது.

சோதினைக்காரர் ஜெர்மனிலதான் சொல்லுவார். ரெஷ்ட்ஸ் (வலது), லிங்ஸ் (இடது), கெராடவ்ஸ் (நேர), ஐன்பார்க்கன் (பார்க் பண்ணுறது), வெண்டன் (வந்த பக்கம் திருப்பிறது), இந்தச் சொல்லுகள் தூக்கத்திலயும் விளங்கவேணும்.

மதுரை_ஸ்டுட்கார்ட்:
ரொம்ப நன்றி அக்கா, இதை அப்படியே எழுதி வச்சுக்கிட்டேன். இன்னொரு சந்தேகம், ஆறு மாசம் முடிஞ்சு டெஸ்ட் தேதி வர்ற வரைக்கும் காலை ஷிஃப்டுக்கு மட்டும் ஓட்டிட்டுப் போனா பிடிச்சா ஃபைன்தானே போடுவாங்க? வெறும் எட்டு கிலோமீட்டர்தான், போலீஸை நான் இதுவரைக்கும் பாத்ததே இல்ல.

கோவை_பொண்ணு:
தயவு செஞ்சு வேண்டாம். ஸ்பீட் கேமரால விழற ஃபைன் மாதிரி இல்ல இது, கிரிமினல் கேஸ். ரோட்டுச் சட்டத்துல 21-வது பாராகிராஃப், ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் இல்லன்னா கோர்ட் போடற அபராதம். சின்னத் தப்புன்னு விட்டுட மாட்டாங்க, வீசா ரின்யூவல் அப்பவும் இது முன்னாடி வந்து நிக்கும். ஆக்சிடென்ட் ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரங்க அடிபட்டவருக்குக் குடுத்துட்டு உங்ககிட்ட 5000 யூரோ வரைக்கும் திருப்பிக் கேக்கலாம். லைசென்ஸ் இல்லாதவர்னு தெரிஞ்சு கார் குடுத்தவர் மேலயும் கேஸ் வரும், அதனால ஃப்ரெண்டு காரும் வேண்டாம். பிளான்ட்ல ஒரே ஷிஃப்டுக்கு உங்க வழில வர்றவங்க நிச்சயமா இருப்பாங்க, நோட்டீஸ் போர்டுல ஃபார்கெமைன்ஷாஃப்ட் (ஒரே கார்ல சேர்ந்து போறது) வேணும்னு ஒரு பேப்பர் ஒட்டுங்க.

ஹைல்பிரான்_சரவணன்:
நாள் வீணாக்காம இப்பவே சேர்த்து வைக்க வேண்டியது: கண் டெஸ்ட் ஏதாவது ஆப்டிக்கல் கடையில பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும், ஏழு யூரோகூட ஆகாது. ஃபர்ஸ்ட் எய்ட் கோர்ஸ் ஒரு முழு சனிக்கிழமை, 9 பீரியட், இங்கிலீஷ்லயும் நடத்தறாங்க, அதுக்கு இடம் கிடைக்கறதுதான் லேட் ஆகும், அதை முதல்ல புக் பண்ணுங்க. பயோமெட்ரிக் ஃபோட்டோ. அப்புறம் எந்த ஃபார்ஷூலேன்னு ஃபார்ம்ல எழுதணும், அதனால அப்ளிகேஷன் குடுக்கறதுக்கு முன்னாடியே ஒண்ணைப் பேசி முடிவு பண்ணிக்கோங்க. பேசும்போது முதல் வார்த்தையே உம்ஷ்ரைபுங்னு சொல்லுங்க.

மதுரை_ஸ்டுட்கார்ட்:
அப்டேட்: ட்ரான்ஸ்லேட்டர்கிட்ட அந்தக் குறிப்போட வாங்கிட்டேன். இன்னைக்குப் போனேன், வேற ஒருத்தர் இருந்தாரு. லைசென்ஸ்ல அந்த லைனையும் பாஸ்போர்ட் கடைசிப் பக்கத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டினேன், குறிப்பைப் படிச்சாரு, ரெண்டையும் ஜெராக்ஸ் எடுத்து ஃபைல்ல போட்டு அப்ளிகேஷனை வாங்கிக்கிட்டாரு!! டெஸ்ட் நடத்தற டுஃபுக்கு (TÜV) பேப்பர் போக சில வாரம் ஆகும்னு சொன்னாரு. காலை ஷிஃப்டுக்கு பக்கத்து ஊர்ல இருந்து ஒரு துருக்கிக்காரர் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டாரு, பெட்ரோல்ல பாதி நான் குடுக்கறேன். சரவணன் அண்ணா, கோவை சிஸ்டர், டோர்ட்முண்ட் அக்கா, எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல.

கடைசியா ஒண்ணு, ஃபார்ஷூலேல ஆட்டோமேட்டிக் கார்ல டெஸ்ட் எடுத்தா ஈஸின்னு சொல்றாங்க, என் கார் மேனுவல். எடுக்கலாமா?

தஞ்சாவூர்_மியூனிக்:
வாழ்த்துகள் தம்பி, நான் சொன்ன வழி இல்லாமலே வேலை முடிஞ்சதுல சந்தோஷம். ஆட்டோமேட்டிக்ல எடுத்தா லைசென்ஸ்ல 78-னு கோட் விழும், அப்புறம் உங்க காரையே நீங்க ஓட்ட முடியாது. பி197-னு ஒண்ணு இருக்கு, 2021-ல இருந்து, அதுல டெஸ்ட் ஆட்டோமேட்டிக்ல எடுத்தாலும் மேனுவலும் ஓட்டலாம், ஆனா அதுக்கு மேனுவல் கார்ல 45 நிமிஷ கிளாஸ் பத்து எடுத்து ஃபார்ஷூலேலயே ஒரு சின்ன டெஸ்ட்டும் முடிக்கணும். பத்து கிளாஸ் காசு கணக்குப் பண்ணிப் பாருங்க. நீங்க பத்து வருஷமா கியர் போட்டு ஓட்டினவரு, மேனுவல்லயே டெஸ்ட் எடுங்க, அந்தக் காசுல அக்கா சொன்ன 30 ஸோன் தெருக்கள்ல நாலு கிளாஸ் கூட எடுத்துக்கோங்க.