மின்கசிவு வேறு, குறுக்கிணைவு வேறு

அன்பர்களுக்கு வணக்கம்.

சுற்றுப்பலகையில் (சர்க்கியூட் போர்டில்) நேரும் ஷார்ட்டைக் கண்டுபிடிக்கும் வேலைக்குத் தமிழ்ப் பெயர் தேடும் பேச்சில், ‘மின்கசிவு அறிதல்’ என்ற பரிந்துரையை நான் ஏற்கவில்லை. தீ விபத்துச் செய்திகளில் ஷார்ட் சர்க்கியூட்டை ‘மின்கசிவு’ என்று எழுதி எழுதி அச்சொல் நம் காதுக்குப் பழகிவிட்டது. ஆயினும், ராயபுரத்தில் பழுதுபார்க்கும் மேசையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு, கசிவும் ஷார்ட்டும் இரு வேறு நோய்கள். அவற்றுக்கு மருந்தும் வேறு.

காசிமேட்டுப் படகுகளிலிருந்து வரும் கருவிகளின் பலகைகளில் இரண்டையும் பார்க்கலாம். அண்மையில் வந்த ஒரு பலகையில் உப்பு படிந்து, கனெக்டரின் அடுத்தடுத்த இரு கால்களுக்கு இடையே ஏறத்தாழ 8 கிலோ ஓம் தடை காட்டியது; மீட்டரை வைத்திருக்கும்போதே அந்த எண் ஏறி இறங்கியது. அதுதான் உண்மையான மின்கசிவு. உப்பு ஆல்கஹாலில் எளிதில் கரையாது என்பதால், முதலில் காய்ச்சி வடித்த நீரில் பிரஷ் போட்டுத் தேய்த்து, பிறகு ஈரத்தை வெளியேற்ற ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கழுவி உலர்த்தினேன், கசிவு நின்றது.

இன்னொரு பலகையில் 3.3 வோல்ட் மின்சாரம் செல்லும் தடத்துக்கும் கிரவுண்டுக்கும் இடையே 0.3 ஓம் மட்டுமே இருந்தது. இதுதான் ஷார்ட். அந்தத் தடத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட செராமிக் கெபாசிட்டர்கள் பக்க இணைப்பில் இருப்பதால், எதைத் தொட்டாலும் மல்டிமீட்டர் ‘பீப்’ என்றே ஒலிக்கும். குற்றவாளி யார் என்பதை அந்த ஒலி சொல்லாது. ஆகவே பவர் சப்ளையை 1 வோல்ட்டுக்கும் 2 ஆம்பியருக்கும் மேல் போகாதபடி கட்டுப்படுத்தி, மற்ற சில்லுகளுக்குத் தீங்கு நேராத அந்தக் குறைந்த மின்னழுத்தத்தைத் தடத்தில் செலுத்தி, மில்லிவோல்ட் அளந்துகொண்டே போனேன். 35 மைக்ரான் தடிமனும் 0.25 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட செப்புத் தடம் 25 மில்லிமீட்டர் நீளத்துக்குச் சுமார் 50 மில்லி ஓம் தடை தரும். 2 ஆம்பியர் பாய்ந்தால் அங்கே 100 மில்லிவோல்ட் குறையும். பழுதை நெருங்க நெருங்க அளவு இறங்கும், அதைத் தாண்டிய கிளையில் மின்னோட்டம் இல்லாததால் இறங்குவது நின்றுவிடும். நின்ற இடத்தைச் சுற்றி ஆல்கஹாலைத் தடவியபோது, சூடேறியிருந்த ஒரேயொரு கெபாசிட்டரின் மேல் மட்டும் அது சட்டென உலர்ந்தது. அதைக் கழற்றியதும் தடை மேலேறியது.

ஷார்ட்டுக்கு முன்பே புழங்கும் ‘குறுஞ்சுற்று’, அளவில் சிறிய சுற்று என்ற பொருளையும் தந்துவிடுகிறது. ‘குறுக்குச்சுற்று’ அதைவிட நன்று; குறுக்கு வழியில் போகும் மின்னோட்டம் என்ற கருத்து அதில் தெளிவாக இருக்கிறது. எனினும் பலகையில் நாம் காண்பது, சேரக்கூடாத இரு தடங்கள் சேர்ந்துகொண்ட நிலையைத்தான். பற்றாசு (சால்டர்) வழிந்து இரு கால்களை ஒட்டினாலும், கெபாசிட்டர் உள்ளே விரிசல் விட்டாலும் அதுவே நிகழ்கிறது. அதனால் ‘குறுக்கிணைவு’ என்பதை முன்வைக்கிறேன். (சில செயலிகளின் மைய மின்தடம் இயல்பாகவே ஓரிரு ஓம்தான் காட்டும், அதைக் குறுக்கிணைவு என்று எண்ணிச் சில்லைக் கழற்றிவிடக் கூடாது.)

தேடும் செயலுக்குக் ‘குறுக்கிணைவு துலக்கல்’ பொருந்தும். துப்புத் துலக்குவது என்பதில் மறைந்ததை வெளிக்கொணரும் பொருளும், பாத்திரம் துலக்குவது என்பதில் தேய்த்துத் தூய்மையாக்கும் பொருளும் உண்டு. படகுப் பலகைக்கு இவ்விரண்டும் தேவை.

பழுதின் இடத்தைக் ‘குறுக்கிடம்’ என்று சுருக்கலாமா என்றும் எண்ணிப் பார்த்தேன். வானொலி அலைகளின் இடையூற்றைக் ‘குறுக்கீடு’ என்று ஏற்கெனவே எழுதுவதால், ஒயர்லெஸ் பலகையைப் பற்றிப் பேசும்போது இரண்டும் குழம்பும். ஆகவே கடையில் பழுதுச் சீட்டில் ‘இணைவிடம்’ என்றே எழுதி, அருகில் கெபாசிட்டரின் எண்ணைக் குறித்து வருகிறேன்.